வெளிநாட்டு வேலைக்குப் போலீஸ் சான்றிதழ் எடுக்கிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடையே, கடலோரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். குவைத்தில் ஏசி மெக்கானிக் வேலைக்கு என் தம்பியைத் தேர்வு செய்துவிட்டார்கள் என்று தகவல் வந்தபோது, மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு கடலுக்குப் போகாது. என் கணவருக்கு வருமானமும் இருக்காது. அந்த நாட்களில்தான் 19,500 ரூபாயைப் பறிகொடுத்தோம்.

குவைத் விசாவுக்குக் குற்றப் பின்னணி இல்லை என்ற சான்றிதழ் வேண்டும். வளைகுடா போகிறவர்கள் அதை பிசிசி என்பார்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டிராவல்ஸ் வைத்திருப்பவர், "அக்கா, நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். பத்தே நாளில் கையில் தருகிறேன்" என்று சொல்லி 7,500 ரூபாயை ஜிபேயில் வாங்கினார். தம்பியின் அசல் பாஸ்போர்ட்டையும் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் அவரிடமிருந்து போன் வந்தது. "உங்கள் தம்பி பெயர் ஸ்டேஷனில் இருக்கிறது. அதை எடுக்க 12,000 ஆகும். ரொக்கமாகக் கொண்டுவாருங்கள்."

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்ற மீனவர்களை மீட்கக் கோரி நடந்த சாலை மறியலில் தம்பியும் உட்கார்ந்திருந்தான். எல்லோரையும் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து, சாயங்காலம் விட்டுவிட்டார்கள். எங்கள் பக்கம் அப்படி மண்டபத்தில் இருந்துவிட்டு வந்த பிள்ளைகள் ஊருக்கு ஊர் உண்டு. அந்த மனிதருக்கு இது நன்றாகத் தெரியும். பெற்றவர்களும் கூடப் பிறந்தவர்களும் மனதுக்குள் வைத்திருக்கும் அந்தப் பயத்தைத்தான் அவர் காசாக்கினார். ஸ்டேஷனுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கப் போய், மறந்து கிடப்பதைக் கிளறிவிடுவோமோ என்று பயந்தேன். மகளின் காதுத் தோட்டை அடகு வைத்துப் பணத்தைக் கொடுத்தேன்.

ஒருவழியாகத் தாள் வந்தது. மேலே தமிழ்நாடு காவல்துறையின் சின்னம், தம்பியின் படம், ஒரு மூலையில் கியூஆர் குறியீடு. வழக்கு எதுவும் இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. அன்றிரவே தம்பி சேது எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கிளம்பினான். ஆவணங்களைச் சான்றொப்பத்துக்கு வாங்கும் இடத்தில் இருந்த பெண் தாளை ஒருமுறை பார்த்துவிட்டு, "தம்பி, இதில் உங்கள் பாஸ்போர்ட் எண் எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். தாளின் இரண்டு பக்கத்திலும் தேடியிருக்கிறான். எங்குமே இல்லை.

அந்தத் தாள் போலி அல்ல. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். தமிழ்நாடு காவல்துறை இணையத்தில் ஒரு சரிபார்ப்புச் சேவை நடத்துகிறது. இங்கே வேலையில் சேருகிறவர்கள், வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், வாடகைக்குக் குடிவருகிறவர்கள் ஆகியோரைப் பற்றி விசாரித்துத் தருவது அது. குவைத்துக்குக் கேட்கும் பிசிசி வேறு. அதைப் பாஸ்போர்ட் அலுவலகம்தான் தரும். ராமநாதபுரம் மாவட்டம் மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. இரண்டும் போலீஸ் விசாரித்துத் தருகிற தாள்கள்தான் என்பதால் நம்மைப் போன்றவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. அந்த டிராவல்ஸ்காரருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

பிறகு நாங்களே பாஸ்போர்ட் சேவை இணையதளத்தில் விண்ணப்பித்தோம். கட்டணம் 500 ரூபாய், அவ்வளவுதான். தளத்தின் முகவரி gov.in என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதே போலத் தோற்றம் காட்டிப் பணம் பிடுங்கும் தளங்கள் உண்டு. 2022 செப்டம்பர் 28 முதல் தபால் நிலையங்களில் இயங்கும் பாஸ்போர்ட் சேவை மையங்களிலும் பிசிசிக்கு விண்ணப்பிக்க முடிகிறது. அசல் பாஸ்போர்ட், அதன் நகல், முகவரிச் சான்று, வேலை ஒப்பந்தம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தம்பி நேரில் போனான்.

விசாரணைக்கு ஸ்டேஷனில் கூப்பிட்டபோது நானும் கூடப் போனேன். மறியல் விஷயத்தை நானே சொல்லிவிட்டேன். ரைட்டர் பதிவேட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவர் மேல் எந்த வழக்கும் இல்லை அம்மா. இருந்திருந்தாலும் பணம் கட்டிப் பெயரை எடுக்க முடியாது. அதைக் கோர்ட்டில்தான் முடிக்க வேண்டும்." யாரும் ஒரு ரூபாய் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் சான்றிதழ் கிடைத்தது.

அதற்குள் குவைத் கம்பெனி அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டது.

ஜிபே ரசீதை வைத்து டிராவல்ஸ்காரர் மேல் புகார் கொடுத்திருக்கிறோம். 12,000-க்கு எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வாங்கவே இல்லை என்கிறார். உங்களிடமும் பெயரை எடுத்துவிடுகிறேன் என்று யாராவது ரொக்கம் கேட்டால், கொடுக்காமல் நேராக ஸ்டேஷனுக்குப் போய்க் கேளுங்கள். என்னைப் போல் பயந்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. தாளை வாங்கப் போன அன்று, தம்பியின் பாஸ்போர்ட்டை எடுக்க அவர் அந்த இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட பாஸ்போர்ட் கட்டு ஒன்று கிடந்தது. சட்டப்படி பாஸ்போர்ட் மத்திய அரசின் உடைமை. பிடித்துவைத்துக்கொள்ள டிராவல்ஸ்காரருக்கு உரிமை கிடையாது. அந்தக் கட்டில் உங்கள் வீட்டுப் பிள்ளையின் பாஸ்போர்ட்டும் இருக்கலாம். இன்றைக்கே போய் வாங்கிவிடுங்கள்.