ஸ்னோமொபைல் பெயிண்டை உரித்து பாலிஷ் போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் ஜாக்கிரதை: 900 டாலர் போச்சு

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். வண்டியைத் திரும்ப எடுத்துவந்தேன். 900 டாலர் கொடுத்ததற்குக் கிடைத்தது, சாம்பல் பூத்துச் சொரசொரவென்று நெளிந்துபோன ஒரு தகடு. ஸ்னோமொபைலின் (பனிமேல் ஓட்டும் வண்டி) பழைய பெயிண்டை எடுத்துவிட்டு அலுமினியத்தைப் பளபளக்க வைக்கலாம் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், பணம் கைமாறும் முன் இதைப் படித்துவிடுங்கள். என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று கடைசியில் விவரமாகவே சொல்கிறேன்.

பழைய வண்டி. இன்ஜின் அருமையாக ஓடுகிறது. டன்னல்தான் பார்க்கச் சகிக்காமல் இருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: சீட்டுக்குக் கீழே, வண்டியைப் பனியில் நகர்த்தும் டிராக் என்ற பட்டையை மேலிருந்து மூடியபடி நீளமாக ஒரு கூடு இருக்கும், அதுதான் டன்னல். மெல்லிய அலுமினியத் தகட்டை மடித்து ரிவெட் அடித்துச் செய்தது. அதன் கறுப்பு பெயிண்ட் பூட்ஸ் உரசியே திட்டுத்திட்டாகப் போயிருந்தது. உள்ளே உலோகம் நன்றாகவே இருந்தது. பெயிண்டை உரித்து, அலுமினியத்தை அப்படியே பாலிஷ் போட்டு விட்டால் அதன் அழகே தனி.

இதை வீட்டில் செய்வது லேசுப்பட்ட வேலை இல்லை. முன்பெல்லாம் பெயிண்ட் ரிமூவரில் மெத்திலீன் குளோரைடு இருக்கும். தடவியதும் பெயிண்ட் சுருண்டு எழும்பும். அதன் ஆவி ஆளையே கொன்றிருக்கிறது. அதனால் அமெரிக்காவில் 2019-இல் பொதுமக்களுக்கு அதை விற்கத் தடை வந்தது. இப்போது கடையில் கிடைக்கும் பென்சைல் ஆல்கஹால் வகை நிதானமாகத்தான் வேலை செய்யும். அதுவும் தொழிற்சாலையில் சுட்டெடுத்த பெயிண்ட் என்றால் திரும்பத் திரும்பத் தடவ வேண்டும். அதனால்தான் தொழில் தெரிந்தவரைத் தேடினேன்.

யார் வேண்டுமானாலும் விளம்பரம் போடக்கூடிய ஒரு விற்பனை ஆப்பில் இந்த ஆளைப் பார்த்தேன். மோட்டார் சைக்கிள் சக்கரங்கள், இன்ஜின் மூடிகள் எல்லாம் மின்னும் படங்கள். வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அங்கே அவர் செய்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

சீட்டைக் கழற்றினார். ஓரமாக உள்ளங்கை அகலத்துக்கு ரிமூவர் தடவினார். பெயிண்ட் எழும்பியதும் பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்தார். பிறகு 220 உப்புத்தாள், 320, 400, 600, அப்படியே 1500 வரை (எண் கூடக்கூடத் தாள் நைசாகும்). ஒவ்வொரு தாளையும் முந்தைய தாளுக்குக் குறுக்காகத் தேய்த்தார். முந்தைய கீறல் முழுக்கப் போய்விட்டதா என்று அப்போதுதான் தெரியும் என்று எனக்கு விளக்கம் வேறு. பிறகு பஃபிங் சக்கரத்தில் பழுப்பு பாலிஷ் கட்டி, கடைசியில் மெல்லிய பருத்திச் சக்கரத்தில் வெள்ளைக் கட்டி. துடைத்துவிட்டு "பாருங்க" என்றார். என் முகம் தெரிந்தது.

"சாண்ட் பிளாஸ்டிங் மட்டும் யார் சொன்னாலும் பண்ணிடாதீங்க, இந்தத் தகடு தாங்காது" என்று அவரே, தன் வாயாலேயே சொன்னார். காற்றழுத்தத்தில் மணலை வீசி அடித்துப் பெயிண்டை எடுப்பதுதான் சாண்ட் பிளாஸ்டிங். அந்த ஒரு வார்த்தையில்தான் நம்பினேன். வேலை தெரியாதவன் அப்படிச் சொல்ல மாட்டான். முழுப்பணமும் முன்கூட்டியே, அதுவும் ஆப் வழியாக இல்லாமல் நேராக அனுப்பினால் 1,100-க்குப் பதில் 900 என்றார். அனுப்பினேன். 900 டாலர்.

திரும்பப் போனபோது வண்டிமேல் துணி போர்த்தியிருந்தார். துணியை எடுத்ததும், அந்த மங்கிய விளக்கில், ஏதோ ஈரம் காய்ந்த மாதிரி ஒரு மினுமினுப்பு. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் தெரிந்தது, அது பாலிஷே இல்லை. மணல் வீசி அடித்துவிட்டு, மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சைத் தெளித்திருக்கிறார். மடிப்புகளிலும் ரிவெட் இடுக்குகளிலும் மணல் அப்படியே இருக்கிறது, விரலால் எடுக்கலாம்.

மெல்லிய அலுமினியத் தகட்டின் ஒரு பக்கத்தில் அழுத்தமாக மணல் அடித்தால், அந்தப் பக்கத்துத் தோல் விரிந்து தகடு வளையும். என் டன்னலின் இரண்டு பக்கமும் அலை அலையாக நெளிந்திருக்கிறது. தட்டி நிமிர்த்த முடியாது. மணல் குத்திய குழிகள் மேற்பரப்பு முழுக்க. அவற்றை எடுக்க வேண்டுமானால் குழியின் அடிமட்டம் வரை உலோகத்தைத் தேய்த்துக் குறைக்க வேண்டும். ஏற்கெனவே மெல்லிய தகட்டில் அதைச் செய்தால் என்ன மிஞ்சும்?

இதையெல்லாம்கூட அழகு சம்பந்தப்பட்டது என்று விட்டுவிடலாம். விட முடியாதது இரண்டு.

வண்டியின் அடையாள எண் டன்னலின் வலது பக்கத்தில்தான் பொறித்திருக்கும். அதை மறைக்காமலேயே அடித்திருக்கிறார். கடைசி இலக்கங்களைச் சாய்த்துப் பார்த்தால்தான் படிக்க முடிகிறது. நாளைக்கு விற்கப்போனாலோ, காப்பீட்டுக்காரர் வந்து பார்த்தாலோ, எண்ணை அழித்த திருட்டு வண்டி என்றுதானே நினைப்பார்கள்?

இரண்டாவது, என்னுடையது தண்ணீரில் குளிரும் இன்ஜின். டன்னலுக்கு அடியில் இருக்கும் அலுமினியப் பாதைகள் வழியாகத்தான் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஓடி, டிராக் வாரி அடிக்கும் பனியில் குளிரும். ஹோஸைக் கழற்றியவர் அந்த வாய்களை அடைக்கவே இல்லை. உள்ளே மணல். அப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் மணல் வாட்டர் பம்ப்புக்குள் போய், கசிவைத் தடுக்கும் சீல் வளையத்தைத் தின்றிருக்கும். இதைக் கேட்டதற்கு "தண்ணி விட்டா போயிடும்" என்கிறார்.

அவர் சொன்ன பதில்களைக் கேளுங்கள். முதலில் "பழைய அலுமினியம், இவ்வளவுதான் வரும்." அதே டன்னலில் என் முகம் தெரிந்ததே என்றேன். "அந்த மூலை நல்லா இருந்துச்சு, மத்த இடமெல்லாம் உள்ளே அரிச்சுப்போயிருந்துச்சு." முதல் நாள் நான் எடுத்த படங்களை அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று காட்டியது, பதில் இல்லை. போன் செய்தால் "வேலையா இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்." கூப்பிடவே இல்லை. நேரில் போனபோது புதிதாக ஒன்று: 900 டாலர் பெயிண்ட் உரிக்க மட்டுமாம், பாலிஷுக்கு இன்னும் 400 கொடுக்க வேண்டுமாம்! ரசீதில் 'ஸ்னோமொபைல் வேலை, 900' என்று மட்டும் எழுதிக் கொடுத்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

ஆப் நிறுவனத்துக்கு எழுதினேன். பணம் எங்கள் வழியாக வரவில்லை, இது உங்கள் இருவருக்கும் இடையிலான விஷயம் என்று ஒரு அச்சடித்த பதில். நேராக அனுப்பினால் 200 குறைப்பேன் என்று அந்த ஆள் சொன்னது எதற்காக என்று இப்போது தெரிகிறதா? அவருடைய விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதில் புதிதாக ஒரு படம் சேர்ந்திருக்கிறது: என் டன்னலின் அந்த உள்ளங்கை அகல மூலை!

எனக்குப் பொறுக்காதது இதுதான். அவருக்குச் சரியான முறை தெரியும். என் கண்முன்னாலேயே செய்து காட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு அதைச் செய்யக் கொஞ்ச நேரம் போதும். முழு டன்னலுக்கும், ஒவ்வொரு ரிவெட்டையும் சுற்றி, ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் செய்ய நாள்கணக்கில் கை வலிக்க வேண்டும். மணல் வீசினால் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். நீண்ட வேலைக்கான 900 டாலரை வாங்கிக்கொண்டு ஒரு மதிய வேலையைச் செய்திருக்கிறார், தெரிந்தே.

சரி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மாதிரி மூலையைப் பார்த்து நம்பாதீர்கள், ரிவெட்டோடு முடித்த ஒரு முழு டன்னலை நேரில் காட்டச் சொல்லுங்கள். எந்த முறையில் உரிப்பார், எந்தத் தாள் வரை தேய்ப்பார் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். முழுப்பணம் முன்னால் கேட்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். அடையாள எண்ணைப் படமெடுத்து, மேலே தடித்த டேப் ஒட்டிக் கொடுங்கள். காஸ்டிக் சோடா கலந்த ரிமூவர் என்றால் கிட்டவே விடாதீர்கள், பெயிண்டோடு சேர்த்து அலுமினியத்தையும் அது தின்றுவிடும். இரும்புக் கம்பி பிரஷும் வேண்டாம், உலோகத்தில் சிக்கும் இரும்புத் துகள் பிறகு துருப்பிடித்துக் கறையாகும், அலுமினியமும் அந்த இடத்தில் அரிக்கும்.

இன்னும் நிறைய இருக்கிறது, இப்போது எழுதப் பொறுமை இல்லை. குளிர்விக்கும் பாதைக்குள் இருக்கும் மணலை முதலில் வெளியே எடுக்க வேண்டும். அந்த ஆளுக்கு எழுத்தில் ஒரு நோட்டீஸும் அனுப்ப வேண்டும். 900 டாலரை நான் விடப்போவதில்லை.