பிஎஸ்3 கடிகாரக் கோளாறு: கழற்றுவதா, காத்திருப்பதா?

2010 மார்ச் 1 அன்று, சோனி நிறுவனத்தின் வீடியோ கேம் கருவியான பிளேஸ்டேஷன் 3-இன் (பிஎஸ்3) பழைய தடிமனான பெட்டிகள் 8001050எஃப் என்ற பிழையைக் காட்டி முடங்கின. உள்ளிருந்த கடிகாரம் 2010-ஐ லீப் ஆண்டாகக் கணக்கிட்டு, இல்லாத பிப்ரவரி 29-க்குப் போய்விட்டது. ஸ்லிம் மாடல் மட்டும் தப்பியது.

பெட்டியைத் திறந்து கடிகாரத்துக்கான பொத்தான் பேட்டரியைக் கழற்றி மாட்டுவது ஒரு வழி. கை துறுதுறுக்கும்தான். ஆனால் உத்தரவாத முத்திரை போய்விடும். பழகாத கையில் மெல்லிய இணைப்பு நாடாக்களும் அறுபடலாம்.

காத்திருப்பது இன்னொரு வழி. பெட்டியை இயக்காமல் விடுங்கள், இல்லாவிட்டால் ஆட்டத்தில் வென்ற கோப்பைகளின் (டிராஃபி) பதிவுகளில் கோளாறு வரலாம் என்று சோனியே எச்சரித்தது. ஏறக்குறைய ஒரு நாளில், கிரீன்விச் நேரப்படி அந்தக் கடிகாரம் மார்ச் 1-க்கு மாறியதும் எல்லாம் தானாகச் சரியானது. அப்புறம் தேதி தவறாக இருந்தால், அமைப்புகளில் திருத்தினால் போதும். பல மாதம் ஆடிச் சேர்த்த பதிவுகளுக்காக, நான் காத்திருக்கவே சொல்வேன்.