குன்னூர் - கோத்தகிரி ரோட்டு சீன டீ ரூம்: டைம் வச்சிட்டு போங்க

நேரா விஷயத்துக்கு வரேன், நீலகிரில காசு குடுத்து டீ குடிக்கப் போன எடங்கள்லயே எனக்கு ரொம்ப புடிச்சது இதுதான். குன்னூர்ல இருந்து கோத்தகிரி போற ரோட்ல ஒரு வீட்டோட முன் ரூம், போர்டு கூட கிடையாது, அதனால பேர்னு எழுத ஒண்ணும் இல்ல. நடத்தறது புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு, அந்தக்கா சீனாவுல யுன்னான் மாகாணத்து குன்மிங்ல பல வருஷம் வேலை பாத்துட்டு வந்தவங்க. நானும் தென் சீனாவுல குவாங்சோ நகரத்துல துணி வாங்கற வேலைல இருந்தவன், அதனால சீன டீன்னு சொல்லி பட்டு டிரஸ்ஸும் புல்லாங்குழல் மியூசிக்கும் போட்டு சடங்கு மாதிரி காட்டற எடம்னா எனக்கு ஒத்துக்காது.

ஏன்னா அங்க நான் தெனம் பாத்த டீ வேற. குவாங்சோ துணி மார்க்கெட்ல கடைக்கு கடை ஒரு மரத் தட்டு இருக்கும், தண்ணி வடியறதுக்கு இடுக்கு விட்டிருக்கும், பக்கத்துல ஒரு குட்டி கெட்டில், ரெண்டு வாய்க்கு காணாத கப்புங்க. நீங்க போய் ரேட் கேட்டா மொதல்ல டீ ஊத்துவாரு, அப்புறம்தான் ரேட்டு, ஒரு கைல துணிய விரிச்சு காட்டிட்டே இன்னொரு கைல ஊத்திட்டே இருப்பாரு. டாக்சி டிரைவர் சீட்டு பக்கத்துல ஒரு பாட்டில், அடில எலை கெடக்கும், காலைல போட்ட எலைக்கே சாயங்காலம் வரைக்கும் சுடுதண்ணி மேல மேல ஊத்தி குடிப்பாரு. அதுக்குத் தகுந்த மாதிரி ரயில்வே ஸ்டேஷன்லயும் ஓடற ரயிலுக்குள்ளயும் சுடுதண்ணி குழாய் இருக்கும். ஹோட்டல்ல உக்காந்தா வெயில் காலத்துலயும் சுடுதண்ணிதான், ஐஸ் தண்ணி கேட்டா பரிமாறற அம்மா வயித்துக்கு ஆகாதுன்னு நெஜமாவே கவலைப்படுவாங்க.

இந்த அக்கா அதத்தான் இங்க கொண்டு வந்திருக்காங்க. போன ஒடனே ஒரு சாதா கண்ணாடி கிளாஸ், ஒரு சிட்டிகை பச்சை எலை, ஒரு ஃபிளாஸ்க், அவ்ளோதான், வடிகட்டியும் இல்ல பாலும் இல்ல சக்கரையும் இல்ல. எலை மேல மெதந்து கொஞ்சம் கொஞ்சமா எறங்கும், ஊதி ஊதி குடிக்கணும். அந்த எலை சீனாவுல இருந்து வந்தது இல்லங்க, பக்கத்துல ஒரு சின்ன விவசாயிகிட்ட கொழுந்து வாங்கி அண்ணன் இரும்பு சட்டில கையாலயே வறுத்து எடுக்கறாரு. சீனாவுல பெரும்பாலான கிரீன் டீ இப்படி சட்டில வறுத்துதான் செய்வாங்க, சூடு பட்டதும் எலை கறுக்காம பச்சையாவே நின்னுடும். வாசம் அப்படியே சுட்ட சோளக்கருது. இங்க தடுக்கி விழுந்தா தேயிலைத் தோட்டம், ஆனா வீட்ல நம்ம கொதிக்க வைக்கறது டஸ்ட்டுதான், அதனால இந்த ஒரு கிளாசுக்காகவே உள்ளூர்க்காரங்க ஒரு தடவ போய்ட்டு வரணும்.

அடுத்து கைவான்ல பூ-அர், அதாவது யுன்னான் பக்கத்து புளிக்க வச்ச டீ. கைவான்னா கைப்பிடி இல்லாத, மூடியும் தட்டும் வச்ச கிண்ணம். நான் கேட்டேன், "ஏங்க்கா இந்த மலைல தண்ணி சூடு பத்துமா?" "குன்மிங்கும் இதே ஒசரம்தாங்க, அங்க எப்படியோ அப்படியே இங்கயும் செய்யறேன்"னாங்க. சரியாத்தான் சொன்னாங்க, குன்னூர் சுமார் 1,850 மீட்டர், குன்மிங் சுமார் 1,890 மீட்டர், ரெண்டு எடத்துலயும் தண்ணி 94 டிகிரி பக்கமே கொதிச்சிடும், அதுக்கு மேல ஏறாது. அதனால கிண்ணத்த மொதல்ல சுடுதண்ணில கழுவி சூடாக்கிட்டு, மொத தண்ணிய கொட்டிட்டு, அடுத்தத கொஞ்சம் அதிக நேரம் மூடி வைக்கறாங்க. கிரீன் டீக்கு மட்டும் தண்ணிய ஆற விட்டு ஊத்தறாங்க.

கப்புல முக்காலுக்கும் கம்மியாத்தான் ஊத்துவாங்க, தப்பா நெனைக்காதீங்க. நம்மூர்ல டம்ளர் நெறையலன்னா கஞ்சம்பாங்க, அங்க தளும்ப ஊத்துனா கெளம்புன்னு சொல்ற மாதிரி. யாராவது ஊத்துனா ரெண்டு வெரலால மேசைல தட்டுங்க, குவாங்சோ பக்கம் நன்றி சொல்றது அப்படித்தான். டீபாட்ல தண்ணி தீந்துட்டா மூடிய லேசா சாச்சு வச்சா போதும், கூப்பிடவே வேணாம், வந்து ஊத்திட்டு போவாங்க, இது ரெண்டையும் அக்கா அங்க வந்திருந்த பசங்களுக்கு அழகா சொல்லிக் குடுத்தாங்க.

நான் இருந்தப்ப பக்கத்து மேசைல கொழுந்து எடுத்து ரிட்டயர் ஆன ஒரு பாட்டி. குடிச்சு முடிச்சதும் கிளாஸ்ல இருந்த எலைய உள்ளங்கைல கொட்டி ஒவ்வொண்ணா பிரிச்சு பாத்துட்டு, "இந்தா பாரு கண்ணு, இதுல ரெண்டு முத்தல் சேந்திருக்கு, கிள்ளும்போதே தள்ளிருக்கணும், அதான் கடைசில கசக்குது"ன்னாங்க. அக்கா ஒடனே அண்ணன கூப்பிட்டு காட்டுனாங்க. எனக்கு அந்த எடத்து மேல மரியாதையே கூடிப்போச்சு.

கொறைன்னா, செவுத்துல ஒரு ஹிஸ்டரி போர்டு மாட்டிருக்காங்க, நீலகிரி டீயே சீனக் கைதிங்க போட்டதுங்கற மாதிரி எழுதிருக்கு. 1800கள் நடுவுல சீனக் கைதிங்கள கொண்டு வந்தது உண்மை, நடுவட்டம் சிங்கோனா தோட்டத்துல (மலேரியா மருந்து எடுக்கற மரம்) வேலை வாங்குனாங்க, தேயிலை வேலையும் அவங்க சொல்லிக் குடுத்ததா ஒரு பேச்சு உண்டு. ஆனா இந்த மலைல தோட்டத்த வளத்தது கீழ்நாட்டுல இருந்து வந்த நம்ம தொழிலாளிங்க, அப்புறம் 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கைல இருந்து திரும்பி வந்த தமிழ் குடும்பங்க. அவங்களுக்கு அந்த போர்டுல ஒரு வரி கூட இல்ல, அண்ணன்கிட்டயே சொன்னேன், மாத்தறேன்னாரு, மாத்தணும்.

பச்சை டீ 120 ரூபா, வெல கொஞ்சம் ஜாஸ்திதான் ஆனா எவ்ளோ தண்ணி வேணா ஊத்திக்கலாம். பூ-அர் 450, ரெண்டு பேரு சேந்து வாங்குங்க, ஒருத்தருக்கு அந்த காசு ஜாஸ்தி. கடிச்சுக்க சூரியகாந்தி வெதையும் வர்க்கியும் தராங்க, வர்க்கி பூ-அர்கூட நல்லா போகுது, கிரீன் டீக்கு செட் ஆகல. மூணே மேசைதான், சனி ஞாயிறு எடம் கெடைக்காது. சீனாவுல கீரை விக்கற பாட்டி வரைக்கும் காசு வாங்க க்யூஆர்தான், இங்கயும் ஒட்டிருக்காங்க, ஆனா மிஸ்ட் எறங்குனா சிக்னல் போய்டுது, கைல கேஷ் வச்சுக்கோங்க. அஞ்சுக்கு நாலரை குடுக்கறேன், போர்ட மாத்துனா மீதி அரையும் போட்டுடறேன். வண்டிய வளைவுல நிறுத்தாதீங்க, பஸ் திரும்பற எடம், கொஞ்சம் மேல ஏறி நிறுத்திட்டு நடந்து வாங்க.