லால்பாக் போவதென்றால் மே மாதத்தில் போங்கள்

கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து பெங்களூர் லால்பாக் தோட்டத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஜனவரியிலோ ஆகஸ்டிலோ, ஃப்ளவர் ஷோ நடக்கும்போதுதான் போகிறார்கள். கண்ணாடி மாளிகைக்குள் அடுக்கி வைத்த தொட்டிப் பூக்களை நெரிசலுக்குள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதுவும் அழகுதான், பார்க்க வேண்டியதுதான். ஆனால் என்னைக் கேட்டால் அந்தத் தோட்டத்தின் நிஜமான பூக்காலம் சித்திரைக் கடைசியும் வைகாசியும்தான், ஏனென்றால் அப்போது பூப்பவை மரங்கள். 1760-ல் ஹைதர் அலி தொடங்கி, திப்பு வெளிநாடுகளிலிருந்தெல்லாம் செடி வரவழைத்து வளர்த்து, இன்றைக்குச் சுமார் 240 ஏக்கர் பரந்து கிடக்கிற இடம் அது. அதைக் குனிந்து பார்ப்பதைவிட அண்ணாந்து பார்ப்பதுதான் சரி.

முதலில் பூமருதைத் தேடிப் போங்கள். ஊதா நிறம் மரத்தில் இவ்வளவு தாராளமாக வருவதை வேறு எதிலும் நான் பார்த்ததில்லை. கிளை நுனியில் கொத்து நிமிர்ந்து நிற்கும், இதழ் ஒவ்வொன்றும் இஸ்திரி போடாத பட்டுத்துணி போலச் சுருங்கியிருக்கும், புதிதாய் விரிந்தது அடர் ஊதாவாகவும் நாள்பட்டது வெளுத்தும் இருப்பதால் ஒரே கொத்தில் இரண்டு மூன்று சாயல் தெரியும். நம் வீட்டு மருதாணியும் மாதுளையும் இதே குடும்பம்தான், மாதுளம்பூவின் கசங்கிய இதழை ஒருமுறை கவனித்துப் பார்த்தவர்களுக்கு உறவு உடனே புரிந்துவிடும்.

குல்மொஹரைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மே வந்தால் நம் சாலையோரமும் பள்ளிக்கூட மைதானமும் சிவந்துதான் கிடக்கும். மடகாஸ்கரிலிருந்து வந்த மரம் என்று நம்பவே முடியாத அளவுக்கு நம்முடையதாகிவிட்டது. ஐந்து இதழில் ஒன்று மட்டும் வெள்ளையும் மஞ்சளும் கலந்து கோடு போட்டிருக்கும், அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். உதிர்ந்த பூவின் கேசரங்களைக் கோத்து இழுத்து யாருடைய தலை அறுகிறது என்று சண்டை விடுவோமே, அதையும் சொல்லிக்கொடுங்கள். பக்கத்திலேயே மஞ்சளாகப் பூத்து நடைபாதையை மூடுவது இயல்வாகை. இலையைவிடப் பூ அதிகமாகச் சரம் சரமாகத் தொங்கினால் அது சரக்கொன்றை. கொன்றையில் இளஞ்சிவப்பு ஜாதியும் ஒன்று இந்த மாதங்களில்தான் பூக்கும், விட்டுவிடாதீர்கள்.

நாகலிங்க மரத்தடியில் மட்டும் அவசரப்படாமல் நில்லுங்கள். பூ கிளையில் வராது, அடிமரத்திலிருந்தே தனிக் காம்பு விட்டுத் தொங்கும். சிவன் கோயில்களில் பார்த்திருப்போம், ஆனால் பூர்வீகம் தென்னமெரிக்கா. இந்தப் பூவில் தேனே கிடையாது. வண்டு வருவது மகரந்தத்துக்காக, அதிலும் இரண்டு வகை வைத்திருக்கிறது: ஒன்று வண்டு தின்ன, இன்னொன்று அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போக. இத்தனை ஏற்பாட்டோடு ஒரு பூ இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதை வெறும் வாசனைக்காக மோந்துவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. வாசனையும் காலையில்தான் தூக்கலாக இருக்கும்.

ஆகையால் சீக்கிரம் போவது முக்கியம். தோட்டம் காலை 6 மணிக்கே திறந்துவிடுகிறது. மேயில் பெங்களூரிலும் பதினோரு மணிக்கு மேல் வெயில் சுடும், பிற்பகலில் பல நாள் மழை பிடித்துக்கொள்ளும். முந்தின நாள் மழை பெய்திருந்தால் மறுநாள் காலையில் தரையெல்லாம் பூவாக இருக்கும், துப்புரவுக்காரர்கள் கூட்டுவதற்குள் பார்த்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள்.

போகிற வழியும் இப்போது சுலபமாகிவிட்டது. ஓசூர் தாண்டி பொம்மசந்திராவில் இறங்கினால் 2025 ஆகஸ்டில் தொடங்கிய மஞ்சள் பாதை மெட்ரோ இருக்கிறது. ஆர்.வி. ரோட்டில் பச்சைப் பாதைக்கு மாறி மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கினால் லால்பாக். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து காலைப் பொழுதைத் தொலைக்க வேண்டியதில்லை.

வயதானவர்களையும் கூட்டிப்போகலாம், உள்ளே பேட்டரி வண்டி ஓடுகிறது. அதில் ஏறி ஒரு சுற்று வந்தால் எந்தப் பக்கம் எது பூத்திருக்கிறது என்று தெரிந்துவிடும், அப்புறம் பிடித்த மரத்துக்கு மட்டும் மெதுவாக நடந்து போய்க்கொள்ளலாம்.