மன்னார்குடியில் ஒரு பழைய ஜீப்

ஆறு வருஷமாக மஹிந்திரா எம்எம்540 ஜீப் வைத்திருக்கிறேன். பிரெஞ்சு கம்பெனியான பெஜோவின் வடிவமைப்பில் வந்த 2.1 லிட்டர் டீசல் எஞ்சின், வேகமெல்லாம் கிடையாது. பவர் ஸ்டியரிங் இல்லாததால் தோள் வலிக்கும். ஆனால் ஐப்பசி அடைமழையில் தாளடி (இரண்டாம் போக நெல்) நடவுக்கு நாற்றுக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு, பைக்கெல்லாம் புதைந்து நிற்கிற களிமண் பாதையில் நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் போட்டு லோ கியரில் மெதுவாக விட்டால், ஊர்ந்து ஊர்ந்தே கரையேறிவிடும், அதற்காகவே வைத்திருக்கிறேன். வேதாரண்யம் பக்கம் அடிக்கடி போனதில் உப்புக்காற்று அடித்தகட்டை அரித்துவிட்டது. பழையது வாங்குகிறவர்கள் முதலில் கால் வைக்கிற இடத்து விரிப்பைத் தூக்கித் தகட்டைத் தட்டிப் பாருங்கள், அப்புறம் பெயிண்டைப் பார்க்கலாம். எஞ்சினில் எல்லாமே கைக்கு எட்டும், ஸ்பேனர் இருந்தால் ஊர் மெக்கானிக் மரத்தடியிலேயே வேலையை முடித்துவிடுவார். சாயங்காலமானால் அப்பாவே வந்து ஏறிக்கொண்டு, “பாமணியாத்துக் கரையோரம் ஒரு சுத்து போயிட்டு வருவோமா தம்பி” என்பார். விற்கிற எண்ணமே இல்லை.