சென்னைச் சிகிச்சைக்குக் காசா, டெபிட் கார்ட்டா, கிரெடிட் கார்ட்டா?

2024 நவம்பரில் அம்மாவின் வலது முழங்காலை மாற்றச் சென்னைக்குக் கூட்டிப் போய் வந்தேன். அதன்பிறகு திருகோணமலையில் தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலர் கதைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி எது, டொக்டர் யார் என்று தொடங்கும் கதை, காசை எப்படிக் கட்டினாய் என்பதில்தான் வந்து நிற்கிறது. ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதை விட ஒரு தடவை முழுதாக எழுதிவிடுகிறேன்.

உப்புவெளியில் ஒரு சிறிய ஹோட்டலின் வரவேற்பு மேசையில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். மே முதல் செப்டெம்பர் வரை சீசன். அந்த மாதங்களில் வெளிநாட்டுக்காரர் நீட்டும் கார்ட்டுகளை மெஷினில் போடுவது நான்தான். நவம்பரில் நானே வெளிநாட்டுக்காரனாக மேசைக்கு மறுபக்கம் நின்றேன். இரண்டு பக்கமும் பார்த்ததால்தான் இதை எழுதும் துணிவு வருகிறது.

வழிகள் மூன்று: டொலராகக் காசு, சேமிப்புக் கணக்கின் டெபிட் கார்ட், கிரெடிட் கார்ட். பெரிய செலவு எல்லாவற்றையும் நான் கிரெடிட் கார்ட்டில் கட்டினேன். அடுத்த முறையும் அப்படித்தான் கட்டுவேன்.

காசை முதலில் முடித்துவிடுவோம். கடவுச்சீட்டையும் டிக்கெட்டையும் காட்டினால் வங்கியில் பயணத்துக்கு டொலர் வாங்கலாம். 5,000 டொலருக்கு மேல் நோட்டாகக் கொண்டு போனால் இந்திய சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். பலருக்குத் தெரியாத இன்னொன்று, இந்தியாவில் 2017 முதல் ஒருவரிடமிருந்து இரண்டு இலட்சம் இந்திய ரூபாயோ அதற்கு மேலோ காசாக வாங்க வருமான வரிச் சட்டம் விடுவதில்லை. முழங்கால் மாற்று பில் அந்தக் கோட்டைச் சுலபமாகத் தாண்டும். சட்டத்தை விட்டாலும், சத்திரசிகிச்சை முடிந்து மயக்கத்தில் இருக்கும் தாய்க்குப் பக்கத்தில், காசுப் பையை மடியில் வைத்துக்கொண்டு நித்திரை விழித்திருக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

அதற்காகக் காசே வேண்டாம் என்றில்லை. சென்னையில் ஓட்டோவிலும் இளநீர்க் கடையிலும் கியூஆர் அட்டைதான் தொங்குகிறது. 2024 பெப்ரவரியில் இந்தியாவின் போன்வழிக் கட்டண முறையான யுபிஐயை இலங்கையில் தொடக்கி வைத்தார்கள் அல்லவா, அது இந்தியர்கள் இங்கே வந்து கட்டுவதற்கான ஏற்பாடு. நாங்கள் போன நேரம் எங்கள் போன் அங்கே ஸ்கான் பண்ண உதவவில்லை. சில்லறைச் செலவுக்குக் கையில் இந்திய ரூபாய் கட்டாயம் வேண்டும். அதை எடுக்க டெபிட் கார்ட் போதும். ஒவ்வொரு தடவைக்கும் வங்கி கட்டணம் வெட்டும், ஆகவே ஆயிரம் ஆயிரமாக எடுக்காமல் சேர்த்து எடுங்கள். கிரெடிட் கார்ட்டை மட்டும் ஏடிஎம்மில் போட வேண்டாம். அது கடனாகக் காசு எடுப்பது. கட்டணமும் உண்டு, வட்டியும் எடுத்த நாளிலிருந்தே ஓடும்.

மாற்று விகிதத்தில் இரண்டு கார்ட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் வங்கி தன் பங்குக்குக் குறிப்பிட்ட சதவீதம் ஏற்றும், கிரெடிட் கார்ட்டில் முத்திரை வரியும் சேரும். போகும் முன் உங்கள் வங்கியிடமே அந்தச் சதவீதத்தைக் கேளுங்கள். மெஷின் “இலங்கை ரூபாயா, இந்திய ரூபாயா” என்று கேட்டால் எப்போதும் இந்திய ரூபாய். எங்கள் மேசையிலும் இதே கேள்வி வரும். பாதிப் பேர் தெரிந்த நாணயம் என்று தங்கள் நாட்டு நாணயத்தையே அழுத்திவிடுவார்கள். அந்த விகிதத்தில் இலாபம் சேர்த்துத்தான் காட்டுகிறது.

சரி, இரண்டு கார்ட்டையும் பிரிப்பது எது? பிடித்து வைக்கும் தொகை.

ஹோட்டலோ ஆஸ்பத்திரியோ வாடகைக் கார்க் கடையோ, நீங்கள் உள்ளே வரும்போது ஒரு தொகையைக் கார்ட்டில் மறித்து வைக்கும். நாங்கள் மேசையில் இதை ‘ப்ரீ ஓத்’ என்போம். காசு எங்களிடம் வருவதில்லை, உங்களாலும் எடுக்க முடியாது. கிரெடிட் கார்ட் என்றால் மறிபடுவது வங்கி தந்த லிமிட்டில் ஒரு துண்டு. டெபிட் கார்ட் என்றால் மறிபடுவது உங்கள் கணக்கில் கிடக்கும் சொந்தக் காசு.

ஒரு சீசனில் எங்கள் ஹோட்டலுக்கு டெபிட் கார்ட் மட்டும் வைத்திருந்த ஒரு பையன் வந்தான். முன்பணத்தை மறித்தோம். போகும்போது கணக்கைக் காசாகத் தந்துவிட்டான். மறித்ததை நான் உடனே மெஷினில் நீக்கி, துண்டையும் கையில் கொடுத்தேன். ஆனால் அவனுடைய வங்கி அதை விடுவிக்க எட்டு நாள் எடுத்தது. அடுத்த ஊருக்குப் போகக் கணக்கில் காசு இல்லாமல் எங்கள் வராந்தாவிலேயே இரண்டு நாள் இருந்தான். நாங்கள் விட்டாலும் வங்கி தன் பாட்டில்தான் விடும், மேசையில் நிற்பவரால் அதை விரைவாக்க முடியாது. அம்மாவின் மருந்துக் காசு அப்படிச் சிக்கக்கூடாது என்று அன்றைக்கே மனதில் விழுந்தது.

இன்னொரு விடயம். கணக்கு முடிக்கும்போது, மறித்த தொகையை அப்படியே விட்டுவிட்டு முழுப் பில்லையும் புதிதாக அடிப்பார்கள் சிலர். அப்போது சில நாளைக்கு இரண்டும் சேர்ந்து லிமிட்டைத் தின்னும். “முதலில் பிடித்ததையே முடித்துத் தாருங்கள்” என்று கேளுங்கள். மெஷினில் அதற்கென்றே ஒரு தெரிவு இருக்கிறது, தெரிந்தவர் செய்து தருவார்.

இனி லிமிட். கிரெடிட் கார்ட்டின் பலவீனம் இதுதான், எனக்கும் இங்கேதான் இறுகியது. என் லிமிட் ஆறு இலட்சம் இலங்கை ரூபாய். இந்திய ரூபாய் ஒன்றுக்கு எங்கள் ரூபாய் ஏறத்தாழ மூன்றரை. ஆஸ்பத்திரி முற்பணம் ஒரு இலட்சம் இந்திய ரூபாய், அதாவது மூன்றரை இலட்சம் போனது. தங்கிய இடத்தில் 15,000 மறித்தார்கள், எங்கள் கணக்கில் ஐம்பதாயிரத்துக்கு மேல். பரிசோதனை, மருந்து, வோக்கர் என்று 25,000 இந்திய ரூபாய். மிச்சம் ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் அளவில். வங்கி ஏற்றும் சதவீதத்தைக் கழித்தால் அதுவும் குறையும். வியாழன் பின்னேரம் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்: சனிக்கிழமை வீட்டுக்கு விடலாம், இன்னும் 1,40,000 இந்திய ரூபாய் கட்ட வேண்டும். எங்கள் ரூபாயில் ஐந்து இலட்சத்துக்குக் கிட்ட.

காசு இல்லாமல் இல்லை. அம்மாவின் சேமிப்பு தங்கச்சியின் கணக்கில் இருந்தது. அது வேறு வங்கி. அன்றைக்கு நவம்பர் 14, பாராளுமன்றத் தேர்தல் நாள். தங்கச்சி ஆசிரியை, தேர்தல் கடமைக்குப் போயிருந்தாள். இரவு வந்து போனில் என் கார்ட் இலக்கத்துக்கே நேரடியாக ஒரு பகுதியை அனுப்பினாள். பிறகு எனக்கு எடுத்து, “அண்ணா, நாளைக்குப் போயா. பாங்க் இல்லை” என்றாள். வெள்ளிக்கிழமை ‘இல்’ எனப்படும் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, பிறகு சனி, ஞாயிறு. வேறு வங்கியிலிருந்து கார்ட்டுக்குக் கட்டியது வேலை நாளில்தான் ஏறும் என்று வந்தது. அது ஏறியது திங்கட்கிழமை.

வழி பிறந்தது வேறு பக்கத்தால். சேமிப்புக் கணக்கிலிருந்து சேமிப்புக் கணக்குக்குப் போடும் காசு, வங்கி வேறாக இருந்தாலும் போயாவிலும் உடனே வந்து சேர்கிறது. ஆகவே தங்கச்சி என் சேமிப்புக் கணக்குக்குப் போட்டாள். அவளுடைய ஒரு நாள் அளவு போதாததால் வெள்ளி பாதி, சனி காலை பாதி. என் சேமிப்பும் கார்ட்டும் ஒரே வங்கி. போனில் அங்கிருந்து கார்ட்டுக்கு மாற்ற, சில நிமிடத்தில் லிமிட் திரும்ப எழும்பியது. சனி பத்தரைக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு தடவையாக அடித்துக் கட்டினேன். இதெல்லாம் நடந்தது என் இலங்கை சிம் போனில் உயிரோடு இருந்ததால். மாற்றம் செய்ய வேண்டிய இரகசிய இலக்கம் அதற்குத்தான் வந்தது. சென்னை சிம் வாங்கினாலும் ஊர் சிம்மைக் கழற்றாதீர்கள், ரோமிங்கைப் புறப்படும் முன் திறந்து வையுங்கள்.

சேமிப்பில் காசு வந்த பிறகு டெபிட் கார்ட்டிலேயே கட்டியிருக்கலாமே என்று என் மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்வி. என் டெபிட் கார்ட்டுக்குக் கடையில் கட்ட ஒரு நாளைக்கு எங்கள் ரூபாயில் இரண்டு இலட்சம்தான் அளவு. அதைக் கூட்ட வங்கிக்கு எடுத்துச் சொல்ல வேண்டும், போயா அன்று அது நடக்கவில்லை. அளவு கூடிய டெபிட் கார்ட் உங்களிடம் இருந்தால் இந்த இடத்தில் அது சமமாக நிற்கும்.

ஆனால் பிழை வந்தால் சமமில்லை. மருந்துக் கடையில் ஒரு பில் இரண்டு தடவை விழுந்தது. கிரெடிட் கார்ட் என்பதால், பில் வரும் முன்பே வங்கிக்கு எழுதி, துண்டைக் காட்டி, அந்தத் தொகையைத் தள்ளி வைக்க முடிந்தது. என் பையில் இருந்து எதுவும் போகவில்லை. டெபிட்டில் என்றால் போன காசு திரும்பும் வரை பார்த்திருக்க வேண்டும்.

கிரெடிட் கார்ட் எல்லோருக்கும் என்று சொல்ல வரவில்லை. பில்லின் கடைசித் திகதிக்குள் முழுத் தொகையும் கட்ட உங்களிடம் காசு இருக்க வேண்டும். ஆகக் குறைந்த தொகையை மட்டும் கட்டினால் ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறும், சிகிச்சைச் செலவை விட அது பெரிய சுமையாகிவிடும். கடனுக்காக கார்ட் என்று நினைப்பவர் போகவே வேண்டாம். அப்புறம், 2022இல் டொலர் இல்லாத காலத்தில் வங்கிகள் கார்ட்டின் வெளிநாட்டுப் பாவனையைச் சுருக்கியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆகவே குறைந்தது இரண்டு வங்கிகளின் கார்ட்டுகள் கையில் இருக்கட்டும், இரண்டிலும் வெளிநாட்டுப் பாவனை திறந்திருக்கிறதா என்று கேட்டு வையுங்கள்.

வெளிநாட்டு நாணயக் கணக்கின் டெபிட் கார்ட் பற்றியும் கேட்கிறார்கள். கனடாவிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் டொலரை அப்படியே வைத்திருக்கும் ஒரு அயலவர் அதை மலேசியாவில் பாவித்தார். ரூபாய்க்கு மாற்றித் திரும்ப மாற்றும் நட்டம் இல்லை என்று சொன்னார். நான் பாவித்ததில்லை, அதனால் அதற்கு மேல் என் சொல்லை எடுக்க வேண்டாம். டொலர் வருமானம் உள்ளவர்களுக்கு நல்லதாகப் படுகிறது.

இந்த ஜனவரியில் அம்மாவின் இடது முழங்கால். பலாலியிலிருந்து விமானம், அதற்கு முதல் நாள் யாழ்ப்பாணத்துக்கு பஸ். வங்கியோடு கதைத்து, பயணத்துக்கு மட்டும் லிமிட்டைக் கூட்டக் கேட்டிருக்கிறேன். தங்கச்சியிடம் இருக்கும் காசை இந்த முறை புறப்படும் முன்பே என் சேமிப்புக்கு மாற்றியாகிவிட்டது. போயா எந்த நாளில் வருகிறது என்று கலண்டரையும் பார்த்துவிட்டேன். போன தடவை தங்கிய இடத்தில் மறித்த அந்த 15,000, நாங்கள் ஊருக்கு வந்து ஒன்பதாம் நாள்தான் கார்ட்டில் விடுபட்டது.