வெள்ளத்தில் மூழ்கிய ஹிமாலயனை என் தலையில் கட்டினார்கள்: பழைய டூரிங் பைக் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

சென்னைப் புறநகரில் பழைய பைக் விற்கும் ஒரு கடை, 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனை "ஒரே கை வண்டி சார், ஒரு கீறல் கூடக் கிடையாது" என்று சொல்லி எனக்கு 1,45,000 ரூபாய்க்கு விற்றது. வழக்கு நடப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. அவர்கள் என்னென்ன மறைத்தார்கள், அவை எங்கெங்கே வெளிப்பட்டன என்பதை மட்டும் எழுதுகிறேன். அந்தக் கடை வாசலில் இன்றும் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. என்னைப் போலவே 150 சிசியிலிருந்து கொஞ்சம் பெரிய வண்டிக்கு மாற நினைப்பவர்கள்தான் அங்கே போகிறார்கள்.

பின்னால் ஒருவரையும் இரண்டு பைகளையும் ஏற்றிக்கொண்டு மலை ஏறினால் 150 சிசி வண்டி திணறும். புது ஹிமாலயன் 450 என் கைக்கு எட்டாத விலை. அதற்கு முந்தைய 411 சிசி வண்டி பெரிய வேகக்காரன் இல்லைதான். ஆனால் 15 லிட்டர் டேங்க், 21 அங்குல முன்சக்கரம், கரடுமுரடான பாதையிலும் முதுகை வாட்டாத சஸ்பென்ஷன் எல்லாம் இருப்பதால் நாள் முழுக்க நிதானமாக ஓட்டலாம். பஜாஜின் டாமினார் 400 நெடுஞ்சாலையில் இதைவிட நன்றாகப் பறக்கும். எனக்கு வேண்டியிருந்தது கொல்லிமலையும் வால்பாறையும். அந்த வகையில் ஹிமாலயன் இன்றும் நல்ல தேர்வு என்றுதான் சொல்வேன். வண்டியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

கடைக்குப் போனபோது இன்ஜின் சூடாக இருந்தது. "இப்போதுதான் கழுவினோம், தண்ணீர் காயட்டும் என்று ஒரு சுற்று ஓட்டினோம்" என்றார் கடைக்காரர். குளிர்ந்த இன்ஜினைக் காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போதுதான் செல்ஃப் திணறுவதும், உள்ளே இருந்து வரும் சத்தமும், சைலன்சரில் வரும் புகையும் தெரியும். அதை மறைக்கவே வண்டியைச் சூடாக்கி வைக்கிறார்கள். புதுச் செயின் ஸ்பிராக்கெட், புது சீட் கவர், பளபளவென்ற டேங்க். மீட்டரில் 18,000 கிலோமீட்டர். "மாலையில் இன்னொரு பார்ட்டி முழுப் பணத்தோடு வருகிறார் சார்" என்று சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டார்.

கொல்லிமலை இறக்கத்தில் வண்டி தன் கதையைச் சொல்லிவிட்டது. செம்மேட்டிலிருந்து காரவள்ளிக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில், பொழுது சாய்ந்த நேரத்தில், முகப்பு விளக்கு, மீட்டர், இன்ஜின் மூன்றும் ஒரே நொடியில் அணைந்தன. பின்னால் என் தம்பி உட்கார்ந்திருந்தான். எதிரே ஒரு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. டிரைவர் எங்களைக் கண்டு நிறுத்தியதால் தப்பினோம். பணம் போனதைக்கூட ஆற்றிக்கொள்ளலாம். இப்படிப்பட்ட வண்டி என்று தெரிந்தே இரண்டு உயிர்களை அதில் ஏற்றி அனுப்பியதை என்னால் மன்னிக்க முடியாது.

சேலத்தில் மெக்கானிக் முகப்பு விளக்கைக் கழற்றி, அதன் பின்னால் வயர்கள் சேரும் கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். உள்ளே சாம்பல் நிற வண்டல், திருநீறு போல நைசாக, மூலை முடுக்கெல்லாம் அப்பியிருந்தது. செப்புப் பின்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. சீட்டின் நுரையை அடியிலிருந்து அழுத்தினார். குளத்துச் சேற்றின் வாடை வந்தது. ஏர் ஃபில்டர் புதிது, ஆனால் அது உட்கார்ந்திருந்த பெட்டியின் உட்சுவரில் தண்ணீர் நின்ற கோடு அப்படியே இருந்தது. அடிப்பக்க போல்டுகளில் துருவின் மேலேயே கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். திருப்புளி முனை பட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது.

அதைவிடக் கொடுமை, திடீரென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ். சாவியைத் திருப்பினால் ஏபிஎஸ் விளக்கு எரிய வேண்டும், வண்டி நகர்ந்த பிறகு அணைய வேண்டும். என் வண்டியில் அது எரியவே இல்லை. ஏபிஎஸ் கெட்டுப்போனது தெரியாமல் இருக்க விளக்கின் இணைப்பையே துண்டித்திருந்தார்கள். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள், அந்த விளக்கு அணைகிறதா என்பதோடு, முதலில் எரிகிறதா என்றும் பாருங்கள்.

மீட்டரும் பொய். சேசிஸ் எண்ணை வைத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய பதிவைப் பார்த்தபோது, வெள்ளத்துக்கு முன்பே 31,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது.

பெயர் மாற்றம் நகரவே இல்லை. ஆர்.சி.யில் இருந்த முகவரியைத் தேடிப்பிடித்து உரிமையாளரிடம் பேசினேன். முடிச்சூர்ப் பக்கத்துக்காரர், வயதானவர். "தம்பி, அதை மொத்த இழப்பு என்று எழுதி, இன்சூரன்ஸ் பணம் கொடுத்து, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களே. அது இன்னுமா ஓடுகிறது?" என்று கேட்டார். அவர் அப்போது தேதி போடாமல் கையெழுத்திட்டுக் கொடுத்த, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவைதான் கை மாறிக் கை மாறி அந்தக் கடைக்கு வந்திருக்கின்றன. அவருக்கும் இதில் ஆபத்து இருக்கிறது. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீட்டுப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் இருப்பவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது.

காப்பீட்டுத் தாள் நிறையப் பேசும். எனக்குக் கொடுத்தது 2024இல் புதிதாக எடுத்த மூன்றாம் நபர் காப்பீடு மட்டும். முந்தைய பாலிசியைக் கேட்டதற்கு "ஓனரிடம் இருக்கிறது, வாங்கித் தருகிறேன்" என்றார் கடைக்காரர், தரவே இல்லை. அந்தத் தாள் கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அதில் 'நோ கிளைம் போனஸ்' சதவீதத்தைப் பாருங்கள். இழப்பீடு கேட்காமல் ஓடிய வண்டிக்கு அது 20, 25, 35 என்று ஆண்டுதோறும் ஏறி 50 வரை போகும். இடையில் பூஜ்யமாகியிருந்தால், இழப்பீடு வாங்கியிருக்கலாம் அல்லது காப்பீடு நீண்ட நாள் விட்டுப்போயிருக்கலாம். எதுவானாலும் காரணத்தைக் கேட்டே தீர வேண்டும். அரசின் பரிவாகன் இணையதளத்தில் கடன் பதிவு, அபராத பாக்கி ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

பழைய வண்டிகளை வாங்கி விற்கும் கடைகள் போக்குவரத்து அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சான்றைக் காட்டச் சொல்லுங்கள். எனக்கு விற்ற கடையில் அது இல்லை. எனக்குக் கிடைத்தது ஒரு வெள்ளைத்தாள் டெலிவரி நோட்; அதன் அடியில் "வண்டியை நன்கு பரிசோதித்துத் திருப்தியோடு பெற்றுக்கொண்டேன்" என்று முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தார்கள். இப்போது அந்த ஒரு வரியைக் காட்டித்தான் பணத்தைத் திருப்பித்தர மறுக்கிறார்கள். அப்படி ஒரு வரி இருந்தால் அதை அடித்துவிட்டு, கிலோமீட்டர் அளவும் "வெள்ளத்தில் மூழ்காத வண்டி" என்ற உறுதியும் கடைக்காரர் கையெழுத்திலேயே வாங்குங்கள். எழுதித்தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. மெக்கானிக்கின் எழுத்துப்பூர்வ அறிக்கையையும் கப்ளர்களின் படங்களையும் சேர்த்திருக்கிறேன். வெள்ளத்துக்குப் பிறகு சென்னைப் பக்கம் பழைய வண்டி வாங்கியவர்கள், முகப்பு விளக்கைக் கழற்றி அந்தக் கப்ளர்களை ஒருமுறை பாருங்கள். வண்டல் இருந்தால் துடைப்பதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்க இரண்டு ஆண்டுகள்தான் கெடு.